தொடரை எழுதியவர் யார்?

(அம்பத்தூரில் வாசகர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. மேடைப் பேச்சின் நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியும் அவற்றை உருவாக்குகிறவர்களைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஆனால் அமெரிக்காவை நம் ஊரில் நின்றுகொண்டு பார்க்கத்தான் எனக்கு விருப்பம். இங்கிருந்து பூந்தமல்லி போய், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, நசரத்பேட்டையைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி வருகிறது. முன்பு அது கேளிக்கைப் பூங்கா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். 2017 ஜூன் மாதம் விஜய் டிவியில் தொடங்கிய தமிழ் பிக் பாஸின் வீடு அங்கேதான் எழும்பியது. போட்டியாளர் ஓவியாவுக்காக ஊரே வாக்களித்தது நினைவிருக்கும்.

அந்த வீட்டின் பிறப்பிடம் நெதர்லாந்து. ஜான் டி மோல் என்பவரின் நிறுவனம் 1999-ல் 'பிக் பிரதர்' என்று அதை ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சி.பி.எஸ். வாங்கியது. 2006-ல் இந்திக்கு வந்தது. நாடு மாறினாலும் மொழி மாறினாலும், அந்த நிகழ்ச்சியின் வடிவம் யாருடையதோ அவரிடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். ஒரு வீடு, சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, உள்ளே சிலர், வாரம் ஒருவர் வெளியேறுவார்: இவ்வளவுதான் அந்த எண்ணம். அதை யோசித்தவருக்குப் பெயர் இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது.

அதே விஜய் டிவியில் 2018-ல் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடங்கியது. மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளின் கூட்டுக்குடும்பக் கதை. பிரியா தம்பி எழுதியது. மலையாளத்தில் 'சாந்த்வனம்' என்றும், இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்' என்றும், மராத்தியில் 'சஹகுடும்ப சஹபரிவார்' என்றும் அது போனது. தமிழில் பிறந்த ஒரு கதை இத்தனை மொழிகளுக்குப் பயணப்பட்டது பெரிய செய்தி. நாம் அதைக் கொண்டாடவே இல்லை. தொடரை ஐந்து வருடம் விடாமல் பார்த்த வீடுகளில் போய் "இதை எழுதியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். முல்லை யார், கதிர் யார் என்று உடனே சொல்வார்கள். எழுதியவர் பெயர் பெரும்பாலும் வராது.

நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது கேமரா நுட்பமும் இல்லை, பிரம்மாண்டமும் இல்லை. எழுதுகிறவருக்குப் பெயரும் பங்கும் வாங்கிக் கொடுக்க அவர்கள் ஏறத்தாழ நூறு வருடமாக நடத்தும் சண்டையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சண்டையின் முதல் தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். சிகாகோவில் இர்னா ஃபிலிப்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1930-ல் டபிள்யூ.ஜி.என். என்ற வானொலி நிலையத்துக்காக 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரை எழுதினார். அதில் நடிக்கவும் செய்தார். அன்றாடம் பகலில், வீட்டில் வேலையாக இருக்கும் பெண்களுக்காக, முடிவில்லாமல் ஓடும் குடும்பக் கதை. சோப்புக் கம்பெனிகளின் விளம்பரத்தில் வளர்ந்த அந்த வகைத் தொடருக்கு அவர்தான் தாய். நாம் மெகா சீரியல் என்று சொல்கிறோமே, அதன் வேரும் அங்கேதான் போய் நிற்கிறது.

தொடர் வெற்றி பெற்றதும், அதைப் பெரிய வலைப்பின்னலுக்கு எடுத்துப் போகலாம் என்றார் இர்னா. நிலையம் மறுத்தது. வழக்குப் போட்டார், தோற்றார். அவர் தலையில் பிறந்து, அவர் கையால் எழுதப்பட்ட கதை நிலையத்துக்கே சொந்தம் என்று ஆயிற்று. அந்த அம்மையார் அங்கேயே உடைந்து போகவில்லை. அதன் பிறகு எழுதியவற்றின் உரிமையைத் தன் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒரே நேரத்தில் பல தொடர்கள் ஓடின. செயலாளர்கள் உட்கார்ந்து எழுத, ஒவ்வொரு பாத்திரமாகத் தானே பேசிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போவாராம். 1937-ல் வானொலியில் அவர் தொடங்கிய 'தி கைடிங் லைட்' 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. மொத்தம் 72 வருடம்! ஒரு கதை, மூன்று தலைமுறைப் பார்வையாளர்கள்.

அவரிடம் வேலை கற்றவர்களில் ஒருவர் வில்லியம் ஜே. பெல். அவரும் அவர் மனைவியும் சேர்ந்து 1987-ல் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் தெருக்களில் கேபிள் கம்பி இழுத்தபோது ஸ்டார் வழியாக வந்த தொடர் அது. ஆகவே, சிகாகோவில் வழக்கில் தோற்ற அந்த ஆசிரியையின் மாணவர் எழுதியதைத்தான் ஆவடியிலும் திருமுல்லைவாயிலிலும் சிலர் முதன்முதலில் வெளிநாட்டுத் தொடர் என்று பார்த்தார்கள்.

இரண்டாவது கதை, லூசில் பாலுடையது. 1951-ல் 'ஐ லவ் லூசி'. அப்போது அமெரிக்க நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். ஒளிபரப்பு முடிந்தால் கதை முடிந்தது. கையில் மிஞ்சுவது ஒரு மங்கலான பதிவுதான். லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் கலிஃபோர்னியாவை விட்டு வரமாட்டோம், சினிமா போல ஃபிலிமிலேயே எடுப்போம் என்றார்கள். பார்வையாளர்களை அரங்கில் உட்கார வைத்து, மூன்று கேமராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃபிராய்ண்ட்; ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வேலை பார்த்த மேதை. ஃபிலிம் செலவு அதிகம். அதை ஈடுகட்டத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: ஃபிலிம் எங்களுடையது. மறு ஒளிபரப்பு என்ற ஒன்றுக்குப் பெரிய சந்தை இருக்கும் என்று அன்று சேனல்காரர்களுக்கே தெரியாது. அந்த ஒரு வரியால் டெசிலு என்ற நிறுவனம் ஸ்டூடியோவாக வளர்ந்தது. 1962-ல் கணவரின் பங்கையும் வாங்கி லூசில் பால் அதன் தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்'கும் 'மிஷன் இம்பாசிபிள்' தொடரும் 1966-ல் அந்த ஸ்டூடியோவில் பிறந்தவைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜெஸ் ஓப்பன்ஹைமர். 'ஐ லவ் லூசி'யின் தயாரிப்பாளர், தலைமை எழுத்தாளர். தொடரின் அடிப்படைக் கருவை ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, எழுத்தாளர் சங்கத்தில் ஒரு டாலர் கட்டிப் பதிவு செய்தார். ஒரு பக்கம், ஒரு டாலர். கையில் பேனா வைத்திருக்கும் இளைஞர்கள் யாராவது இங்கே இருந்தால், இன்று நான் சொல்லும் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

லூசில் பால் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராதிகா நினைவுக்கு வருகிறார். 1999-ன் கடைசியில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியது. இரவு தெருவே அடங்கிப் போகும். ராதிகா அதில் நாயகி மட்டும் இல்லை. ராடான் அவருடைய நிறுவனம். அந்தக் காலத்துச் சன் டிவியின் ஏற்பாடு வேறு மாதிரி. தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி நேரத்தை வாங்குவார். தொடரைத் தன் செலவில் எடுப்பார். விளம்பர நேரத்தில் தன் பங்கை விற்றுப் பணம் பார்ப்பார். ஆபத்து அவருடையது, சரக்கும் அவருடையது. ஒரு நடிகை தயாரிப்பாளராகி, நிறுவனத்தைப் பங்குச் சந்தை வரைக்கும் கொண்டுபோனது தமிழ்ச் சின்னத்திரை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது. லூசில் பாலைப் பற்றி அமெரிக்காவில் எத்தனையோ புத்தகம். ராதிகாவின் அந்தப் பக்கத்தைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல புத்தகம் வர வேண்டும்.

பின்னாளில் பல சேனல்கள் தாங்களே பணம் கொடுத்துத் தொடரை எடுக்கச் சொல்லும் முறைக்கு வந்தன. தயாரிப்பாளருக்கு ஆபத்து குறைந்தது. உரிமையும் அதோடு சேனலுக்குப் போனது. தயாரிப்பாளரிடமே உரிமை நிற்காதபோது எழுத்தாளரிடம் எங்கே நிற்கும்?

எழுத்தாளருக்கு மரியாதை இருந்த காலமும் இங்கே உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் வந்தபோது, சுஜாதா கதை என்பதற்காகவே பார்த்தோம். கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' எடுத்தார். 'கையளவு மனசு' எடுத்தார். அவர் மகன் கைலாசத்தின் மின்பிம்பங்கள் நிறுவனம் 'மர்மதேசம்' தயாரித்தது. நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. 'விடாது கருப்பு' வந்த நாட்களில் பிள்ளைகள் இருட்டில் கொல்லைப்புறம் போகப் பயந்தார்கள். அப்போதெல்லாம் வாரம் ஒரு தவணை. எழுத்தாளருக்கு ஒரு வாரம் கிடைத்தது. யோசித்தார், அடித்தார், திருத்தினார்.

பிறகு தினசரித் தொடர் வந்தது. 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 'கோலங்கள்' 1,500-ஐத் தாண்டியது. இந்த எண்களைக் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பகுதியில் விளம்பரம் போக இருபது நிமிடம் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 பகுதிகள் என்றால் 500 மணி நேரம். ஒரு சினிமா இரண்டரை மணி நேரம். அப்படியானால் 200 சினிமா அளவுக்கு ஒரே குடும்பத்தின் கதையை, முன்பு சொன்னது பின்னால் சொல்வதோடு மோதாமல், தினமும் ஒரு கொக்கி போட்டு நிறுத்தி, எழுதிக்கொண்டே போக வேண்டும். இந்த உழைப்பைச் சாதாரணமாக எண்ணுகிறவர் ஒரே ஒரு வாரத்துக்கு வசனம் எழுதிப் பார்க்கட்டும். சிறுகதைக்காரரான பாஸ்கர் சக்தி 'மெட்டி ஒலி'யில் வசனம் எழுதியவர். அவருடைய 'அழகர்சாமியின் குதிரை' பின்னர் சினிமா ஆனது. தொடரில் கைபழகிய எழுத்து சினிமாவிலும் நின்றது.

தினசரித் தொடரின் படப்பிடிப்பு நடக்கும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வளசரவாக்கத்தில், போரூரில், பூந்தமல்லிப் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் ஜெனரேட்டர் வண்டியும் யூனிட் வேனும் நின்றால் அடையாளம். லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூமர், டீயும் சாப்பாடும் தரும் புரொடக்ஷன் ஆட்கள் எல்லோரும் காலையிலேயே வந்துவிடுவார்கள். அன்றைய காட்சிக்கான வசனத் தாள் சில நாள் அதற்குப் பிறகுதான் வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பிராம்ப்ட் பண்ணுவார். நடிகர் அதைக் கேட்டுப் பேசுவார். கையிருப்பில் பத்துப் பகுதி இருந்தால் நிம்மதி. இரண்டுதான் இருக்கிறது என்றால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும். எண் இறங்கினால் கதை திரும்பும். ஒரு நடிகர் விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டை வரும்; எழுத்தாளர் அந்த முகத்துக்கு ஏற்றபடி மீண்டும் எழுதுவார். இவ்வளவு மாற்றத்தையும் தாங்கிக்கொண்டு கதையைத் தூக்கிப் பிடிக்கிற ஆள் யார் என்றால், வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து விடியும்வரை எழுதுகிற அந்த ஒருவர், அல்லது இருவர்.

'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனைத் தமிழ்நாடு முழுக்க அறியும். அதில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் சரிந்தார். தொடர் உலகமே நின்று அழுதது. அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய இயக்குநர் திருச்செல்வத்தையும், அதற்கு வசனம் எழுதிய ஸ்ரீவித்யாவையும் இந்த மேடையில் பெயர் சொல்லிப் பாராட்ட விரும்புகிறேன். வீட்டுக்குள் ஆணின் அதிகாரம் எப்படிப் பேசும் என்பதை அவ்வளவு கூர்மையாக எழுதிய தொடர்கள் நம்மிடம் குறைவு.

அமெரிக்காவில் இந்த வேலை எப்படி நடக்கிறது? ஒரு தொடருக்கு ஒரு எழுத்தாளர் அறை உண்டு. நம் கோடம்பாக்கத்தில் டிஸ்கஷன் என்று சொல்வோமே, அதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த அறையில் உட்காருகிறவர் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச சம்பளம் எவ்வளவு என்று சங்கம் பேசி எழுதி வைத்திருக்கிறது. பகுதி எழுதினால் திரையில் பெயர். அந்தப் பெயர் யாருக்கு என்ற தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வதும் சங்கம்தான், தயாரிப்பாளர் இல்லை. மறு ஒளிபரப்பு ஆனால் எழுதியவருக்குக் காசோலை வரும். அறையின் தலைவரான எழுத்தாளர்தான் தொடருக்கே தலைவர். இயக்குநர்கள் பகுதிக்குப் பகுதி மாறுவார்கள்.

அந்த அறை வெளியிலிருந்து வருகிறவருக்கும் கதவைத் திறக்கிறது. மிண்டி கேலிங் 'தி ஆபீஸ்' தொடரின் எழுத்தாளர் அறைக்குள் போனபோது அவருக்கு வயது 24. அந்த அறையில் அவர் ஒருவர்தான் பெண். அவர் அப்பா தமிழர். பதினைந்து வருடத்துக்கும் மேல் கழித்து, 2020-ல் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அதன் நாயகி தேவி விஸ்வகுமார் ஒரு தமிழ்ப் பெண். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அசீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் பெற்றோரைப் பற்றிய ஒரு பகுதியை ஆலன் யாங்கோடு சேர்ந்து எழுதினார். சொந்த அப்பா அம்மாவையே நடிக்க வைத்தார். அந்த எழுத்துக்கு 2016-ல் எம்மி விருது. விருது மேடையில் ஏறியது எழுதியவர்களின் பெயர். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களோடு போனவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே அது கிடைக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். அதே திறமை உள்ளவர் இங்கே எழுதும்போது ஏன் பெயரில்லாமல் இருக்க வேண்டும் என்ற வருத்தமும் உண்டு.

இந்தச் சலுகைகள் யாரும் தூக்கிக் கொடுத்தவை இல்லை. 1960-ல் எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்து ஓய்வூதிய நிதியும் மருத்துவ நிதியும் வாங்கினார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஆலைத் தொழிலாளி கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள். 2023 மே மாதம் மறுபடி இறங்கினார்கள். 11,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள், 148 நாள். எழுத்தாளர் அறையை இரண்டு மூன்று பேராகச் சுருக்காதே என்றார்கள். இணையத் திரையில் தொடர் ஓடினால் அதற்கும் கணக்குக் காட்டு என்றார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுப்பதை எழுத்தாளரின் எழுத்துக்கு இணையாக வைக்காதே என்றார்கள். மூன்றிலும் ஓரளவு வென்றார்கள். நடுவில் ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த நாட்களில் அங்கே பலர் வீட்டு வாடகைக்குத் திண்டாடினார்கள். நமக்கும் அந்தத் திண்டாட்டம் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது, தினப் பேட்டாவை நம்பிய குடும்பங்கள் என்ன பாடு பட்டன! அதற்கு ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரி 19 அன்று, இ.வி.பி.யில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். உரிமை என்று பேசும்போது அவர்களை விட்டுவிட்டு எழுத்தாளரை மட்டும் பேசினால் அது நியாயமாகாது. பாதுகாப்பும் பங்கும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம்.

தமிழக அரசு பூந்தமல்லி அருகே சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைப்பதாக 2024-ல் அறிவித்தது. மெட்ரோவும் பூந்தமல்லி வரை வருகிறது. நல்ல காரியம், வரவேற்கிறேன். படப்பிடிப்புத் தளங்களும் அனிமேஷன் கூடங்களும் வரட்டும். அங்கே எழுத்தாளர்கள் உட்கார்ந்து விவாதிக்க அறைகளும், தூர்தர்ஷன் காலத்திலிருந்து வந்த தமிழ்த் தொடர்களின் எழுத்துப் படிகளைச் சேர்த்து வைக்கும் ஆவணக் காப்பகமும் வேண்டும் என்று கேட்கிறேன். பழைய தொடர்களின் நாடாக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. வசனத் தாள்கள் எடைக்குப் போய்விட்டன. பேராசிரியர்களும் நூலகர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்தக் கோரிக்கையை மனுவாகக் கொண்டுபோவோம்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக உருக்கமாகப் பேசினார். அந்தத் திருத்தத்தின்படி, ஒரு படத்தில் இடம்பெறும் எழுத்தையோ இசையையோ படைத்தவர், திரையரங்கு தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தன் பங்கைக் கைவிட்டதாக எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. சட்டத்தில் படம் என்பதற்கான வரையறை காட்சிப் பதிவு எதையும் உள்ளடக்கும். தொலைக்காட்சித் தொடர் அதற்கு வெளியே இல்லை. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் இதைப் பிடித்துக்கொண்டு ஓரளவு முன்னேறினார்கள். தொடர் எழுத்தாளர்கள் இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம்.

ஆகவே, எழுத வரும் இளையவர்களுக்குக் குறிப்பாகச் சில வார்த்தைகள். ஆவடியிலிருந்து ரயில் பிடித்துப் போய்க் கதை சொல்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள் என்று தெரியும். கதை சொல்லப் போகும் முன் அதை எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். புரியாத பக்கத்தைத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு மொழிக்குப் போனால் என் பங்கு என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் முறை இல்லை என்பார்கள். திரையில் பெயரையாவது உறுதியாக வாங்குங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் மறுபடி கேளுங்கள். தனியாகக் கேட்டால் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சங்கத்தில் சேருங்கள், சந்தாவை ஒழுங்காகக் கட்டுங்கள், கூட்டத்துக்குப் போங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டில் தொடர் ஓடும்போது, தலைப்புப் பாட்டில் பெயர்கள் வரும் இடத்தில் தொலையியக்கியைத் தேடாமல், கதை, திரைக்கதை, வசனம் என்று வரும் மூன்று பெயரையும் படியுங்கள். பிடித்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி சேனலுக்கு எழுதுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.